ஓட்டு லூசியானாவில், விலை மரக்காணத்தில்

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்கர்கள் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். ஐந்தே மாதத்தில் அதன் பலன் விழுப்புரம் மாவட்டக் கடலோரம் வரை வந்து சேர்ந்தது. திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் வரும் மரக்காணம், உப்பளங்களுக்குப் பேர்போன ஊர். அந்தக் கடலோரத்தில் இறால் குஞ்சு உற்பத்தி செய்யும் ஹேச்சரிகளும் உண்டு. வாஷிங்டனில் போடும் கையெழுத்து இந்த ஹேச்சரித் தொட்டிகளை எட்டும் வழியைத் தெரிந்துகொண்டால், வல்லரசு ஒன்றின் தேர்தல் நம்மை எப்படித் தொடுகிறது என்பது விளங்கிவிடும்.

தாய் இறால் வரும் வழி

இப்போது அதிகம் வளர்க்கப்படும் வனமேய் இறால், பசிபிக் கடலோரத்து இனம். 2009-ல் மத்திய அரசு இதை வளர்க்க அனுமதித்தது. நோயற்ற தாய் இறால்கள் ஹவாய், ஃப்ளோரிடா போன்ற இடங்களிலிருந்து விமானத்தில் சென்னை வருகின்றன. நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் சோதனை முடிந்த பிறகே ஹேச்சரிக்குப் போகும். அங்கே பொரிந்த குஞ்சுகள் சுமார் மூன்று வாரத்தில் தயாராகிவிடும். ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பைகளில் கட்டி, பண்ணைகளுக்கு வண்டியேற்றுவார்கள்.

குளத்தில் மூன்று, நான்கு மாதம் வளர்ந்த இறாலைப் பிடித்ததும், கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்ற ‘கவுன்ட்’ கணக்கில் விலை பேசுவார்கள். பிறகு உறைய வைத்துக் கப்பலேற்றுவார்கள். 2024-25-ல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி மதிப்பு சுமார் 745 கோடி டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அமெரிக்காவுக்குப் போனது. தாய் இறாலும் அங்கிருந்து வருகிறது, பெரிய வாடிக்கையாளரும் அங்கேதான் இருக்கிறார்.

வரி ஏறியது, குளம் காய்ந்தது

இறக்குமதி வரியை உயர்த்துவேன் என்று சொல்லியே டிரம்ப் ஓட்டுக் கேட்டு, வென்றார். 2025 ஏப்ரல் 2 அன்று இந்தியப் பொருட்களுக்கு 26 சதவீதம் என்று அறிவித்தார். ஒரே வாரத்தில் அதை நிறுத்திவைத்து 10 சதவீதம் மட்டும் வசூலித்தார். ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம். ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25. ஏற்கெனவே இருந்த வரிகளையும் சேர்த்தால், இந்திய இறாலுக்கு 58 சதவீதத்தைத் தாண்டியது. போட்டி நாடான ஈக்வடாருக்கோ டிரம்ப் போட்ட புதிய வரி 15 சதவீதம்தான்.

இந்த வரியைச் சுங்கத்தில் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால், அந்தச் சுமையை அவர் தன் தோளிலேயே வைத்துக்கொள்வதில்லை. ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்கிறார். ஏற்றுமதியாளர் பண்ணையில் குறைக்கிறார். கட்டுப்படியாகாத விவசாயி அடுத்த முறை குளத்தில் குஞ்சு விடத் தயங்குகிறார். குளம் காலியாகக் கிடந்தால் ஹேச்சரிக்கு ஆர்டர் இல்லை. அங்கே வேலை செய்பவருக்குக் கூலியும் இல்லை. ஏப்ரல் அறிவிப்பு வந்த உடனேயே ஆந்திரத்தில் பண்ணை விலை சரிந்தது. அம்மாநில முதல்வர் சந்திரபாபு நாயுடு மத்திய வர்த்தக அமைச்சருக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது. குஞ்சு விடும்போது இருந்த வரி, பிடிக்கும்போது இல்லை என்பதே இந்தத் தொழிலில் இருப்பவரின் பெரிய துயரம்.

ஒருவர் கையில் இவ்வளவு அதிகாரமா?

அமெரிக்க அரசமைப்புச் சட்டப்படி வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது. ஆனால், பல சட்டங்கள் வழியாக அது அதிபருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கப்பட்டது. டிரம்ப் கையிலெடுத்தது 1977-ம் ஆண்டின் அவசரநிலைப் பொருளாதாரச் சட்டம். 2026 பிப்ரவரியில் இந்தியாவுக்கான வரியை 18 சதவீதமாகக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. அதே மாதம், அந்தச் சட்டத்தின்கீழ் வரி விதிக்க அதிபருக்கு அதிகாரமில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் இங்கே பண்ணைகளில் இரண்டு அறுவடைக் காலம் கடந்துவிட்டது.

இதில் கட்சி பேதமும் பெரிதாக இல்லை. லூசியானா போன்ற தென் மாநிலங்களின் இறால் மீனவர்கள், இறக்குமதியால் தங்கள் பிழைப்பு போகிறது என்று நீண்டகாலமாகப் போராடுகிறார்கள். 2005 முதல் இந்திய இறாலுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி இருக்கிறது. இந்திய அரசின் மானியத்தைக் காரணம் காட்டி 2024 இறுதியில் இன்னொரு வரி வந்தபோது அதிபராக இருந்தவர் பைடன். அந்த மீனவர்களின் வேதனையும் உண்மையானதே. அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, அதனால் கேட்க ஆள் இருக்கிறது. மரக்காணத்துக்கு அங்கே தொகுதி இல்லை.

படிப்பிலும் இதே கதைதான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. 2025 செப்டம்பரில், அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான புதிய எச்-1பி விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அந்த விசா பெறுவோரில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள். அமெரிக்க வேலையைக் கனவில் வைத்துக் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைகளின் கணக்கு ஒரே அறிவிப்பில் மாறிப்போனது.

நம் ஓட்டு யாரைத் தொடுகிறது?

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2019 மே மாதம் நம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களில் ஆறு சமயத்தாருக்கு வழி திறந்த அந்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் ஓட்டுரிமை இல்லாமல் பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு நாம்தான் அமெரிக்கா.

செய்ய வேண்டியவை இரண்டு. ஒரே சந்தையை நம்பியிருக்கும் நிலையை அரசு மாற்ற வேண்டும். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தின் பயன் சிறு பண்ணைக்கும் ஹேச்சரிக்கும் போய்ச்சேர வேண்டும். இரண்டாவது வேலை நம்முடையது. நமக்கு ஓட்டில்லாத தேர்தல் நம் பிழைப்பைக் கெடுக்கும்போது வலிக்கிறதே, அந்த வலியை நம் ஓட்டுச்சாவடிக்கும் எடுத்துச் செல்வோம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கீழ்ப்புத்துப்பட்டைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்.