உஷார்! மான் சுட்ட தோட்டா எருமைக்கு ஆகாது

ஆப்பிரிக்காவுக்கு எருமை வேட்டைக்குக் கிளம்புகிறீர்களா? உரிமம் கையில் இருக்கிறது, விமானச் சீட்டு போட்டாயிற்று, ரைஃபிளும் .375, சட்டத்துக்குக் குறைவில்லை. சரி, பெட்டியை மூடுவதற்கு முன் அந்தத் தோட்டா அட்டையைக் கையில் எடுங்கள். அதற்குள் இருக்கும் குண்டு எப்படிச் செய்யப்பட்டது? அதன் அளவையும் எடையையும் நான் கேட்கவில்லை. உள்ளே ஈயமா, முழுச் செம்பா, உறை எவ்வளவு கனம், ஈயம் உறையோடு ஒட்டியிருக்கிறதா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். பதில் தெரியாவிட்டால் தயவுசெய்து பெட்டியை மூடாதீர்கள்.

இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது. வேட்டை சட்டப்படி நடக்கும் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, தான்சானியா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அங்கே பல நாடுகளில் ஆபத்தான பெரிய விலங்குகளுக்கு .375-க்கோ அதையொட்டிய அளவுக்கோ கீழே துப்பாக்கி கூடாது என்று விதி உண்டு. எல்லோரும் அதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். ஆனால் விதி பார்ப்பது குழலின் விட்டத்தையும் தோட்டாவின் சக்தியையும். உள்ளே இருக்கும் குண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்கள்.

சாதாரண வேட்டைக் குண்டு என்பது மெல்லிய செம்பு உறைக்குள் அடைத்த ஈயம். முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். சாஃப்ட் என்கிறோமே, அதுதான். மானின் மேல் பட்டதும் முனை காளான் குடைபோல விரியும், காயம் அகலமாகும், மான் சில அடிகளிலேயே விழும். மானுக்கு அது நல்ல குண்டுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆப்பிரிக்க ஆண் எருமை 600, 700 கிலோ எடையுள்ளது. தடித்த தோல், அதன்மேல் புரண்டு காய்ந்த சேறு, அதற்குக் கீழே கல் மாதிரி தசை, பிறகு தோள் எலும்பு. இத்தனையையும் தாண்டினால்தான் இதயமும் நுரையீரலும். மெல்லிய உறைக் குண்டு தோளிலேயே விரிந்து, அங்கேயே உடைந்து, உறை ஒரு பக்கமும் ஈயம் ஒரு பக்கமுமாகச் சிதறிப்போகும். வெளியே பார்த்தால் பெரிய காயம், இரத்தம் கொட்டும், சுட்டவருக்கும் சந்தோஷமாக இருக்கும். உயிர்நிலைக்குள் ஒன்றும் போயிருக்காது. எருமை புதருக்குள் ஓடும். அடிபட்ட எருமை, தான் வந்த தடத்துக்குப் பக்கத்திலேயே வளைந்து வந்து, பின்தொடர்கிறவர்களுக்காகக் காத்து நிற்கும் என்பது அந்தக் காடுகளில் எல்லோரும் அறிந்த பயம்.

இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. கிட்டப் போய்ச் சுட்டால் எந்தக் குண்டும் வேலை செய்யும் என்று நினைக்கிறார்கள். குறி தவறாமல் இருக்கக் கிட்டம் நல்லது. குண்டு உடையாமல் இருக்க அது நல்லதல்ல. 300 மீட்டர் போன குண்டு வேகம் தணிந்து மெதுவாக விரியும். அதே குண்டு 30 மீட்டரில் ஏறக்குறைய முழு வேகத்தோடு மோதுகிறது. மலைச்சரிவில் தூரத்து மானை அழகாக வீழ்த்திய குண்டு, முட்புதரில் கண்ணெதிரே நிற்கும் எருமையிடம் தூளாகிப்போவது இதனால்தான்.

வேகம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஜார்ஜ் கிரேயின் மரணத்தைவிடப் பெரிய எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை. அன்றைய பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயின் தம்பி அவர். ஆப்பிரிக்கக் காடுகளில் பழகியவர், கத்துக்குட்டி அல்ல. 1911-ன் தொடக்கத்தில், இன்று கென்யா என்கிற பகுதியில், பாய்ந்து வந்த சிங்கத்தை .280 ராஸ் ரைஃபிளால் மிக அருகிலிருந்து சுட்டார். அந்தக் காலத்தில் மிக வேகமான தோட்டா என்று பெயரெடுத்தது அது. குண்டோ இலேசானது, உடையக்கூடியது. குண்டு பட்டது. சிங்கம் நிற்கவில்லை. குதறப்பட்ட கிரே சில நாட்களில் நைரோபியில் இறந்தார். அவர் கையில் கனமான, உடையாத குண்டு இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

ஈயம் சிதறுவதற்குத் தீர்வு கண்டவர்களும் அனுபவத்தில் அடிபட்டுத்தான் கண்டார்கள். 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு அப்பிக் காய்ந்த ஒரு மூஸ் மானின் தோளில் ஜான் நாஸ்லரின் குண்டுகள் உள்ளே போகாமல் உடைந்தன. அவர் ஊர் திரும்பிக் குண்டுக்கு நடுவில் செம்பாலேயே ஒரு சுவர் வைத்தார். முன்பாதி ஈயம் விரியும், பின்பாதி சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து உள்ளே தள்ளும். நாஸ்லர் பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948-லிருந்து விற்பனையில் இருக்கிறது. பிறகு ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டிய பாண்டட் குண்டுகள் வந்தன. ஈயமே இல்லாமல் முழுச் செம்பில் செய்து, முனை மட்டும் இதழ்போல் விரியும் குண்டுகளும் வந்தன. எருமைக்கு முதல் தோட்டாவாக இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்காதீர்கள். .375-ல் 300 கிரெயின் குண்டு என்பது சுமார் 19 கிராம். அந்த 19 கிராமும் எலும்பைத் தாண்டிய பிறகு எவ்வளவு மிச்சம் என்பதுதான் கணக்கு.

அப்படியானால் விரியவே விரியாத சாலிட் குண்டையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் உஷார்! யானைக்குச் சாலிட்தான், மாற்றுப் பேச்சில்லை. யானையின் மண்டையோடு தேன்கூடு மாதிரி காற்றறைகள் நிறைந்த பெரிய எலும்பு. மூளை வெகு பின்னால் இருக்கிறது. சாஃப்ட் குண்டு பாதி வழியிலேயே நின்றுவிடும். சாலிடிலும் தட்டை முனை உள்ளது நேராகப் போகும். உருண்டை முனைக் குண்டு உள்ளே திசை திரும்பலாம். ஆனால் அதே சாலிடை எருமைக் கூட்டத்துக்குள் விட்டால் ஒன்றைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்கும் இன்னொன்றைக் காயப்படுத்தும். யாருக்கும் தெரியாமல் ஒரு காயம்பட்ட எருமை காட்டில் உலவும். கூட்டத்தில் முதல் தோட்டா நல்ல சாஃப்ட், அடுத்தடுத்தவை சாலிட் என்ற பழைய வழக்கம் இந்தப் பயத்தில் பிறந்ததுதான். சிறுத்தைக்கும் சிங்கத்துக்கும் சாலிட் கூடவே கூடாது. ஊசி குத்தினாற்போல் ஒரு சிறு துளை, மறுபக்கம் இன்னொரு துளை. விலங்கு உங்கள் மேல் வந்து விழும்போதும் உயிரோடுதான் இருக்கும்.

கரமோஜோ பெல் சின்ன .275 ரைஃபிளால் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டாரே என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான். அவர் போட்டது 173 கிரெயின் எடையுள்ள, நீண்ட, விரியாத சாலிட் குண்டு. யானையின் மண்டையைக் குறுக்கே அறுத்து மூளை எங்கே என்று படித்தவர் அவர். அவர் கதை நமக்குச் சொல்வது குண்டின் கட்டுமானத்தைப் பற்றித்தான். சின்னத் துப்பாக்கி போதும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

குண்டை மாற்றினால் மட்டும் முடிந்துவிடாது. சாஃப்டும் சாலிடும் ஒரே எடையாக இருந்தாலும் ஒரே இடத்தில் படும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் இலக்கில் சுட்டுப் பாருங்கள். தட்டை முனைத் தோட்டா சில ரைஃபிள்களில் மேகசினிலிருந்து ஏறாமல் சிக்கும். கொண்டுபோகும் தோட்டாக்களையே மேகசினில் நிரப்பி, சுடும் மைதானத்தில் வேகமாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒன்று சிக்கினாலும் அந்த வகை வேண்டாம். தாத்தா காலத்து இரட்டைக்குழல் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: முழு உலோகக் குண்டு ஈயக் குண்டைப்போல வளைந்து கொடுக்காது, மெல்லிய பழைய குழல்களைக் கெடுத்துவிடலாம். துப்பாக்கி செப்பனிடுபவரிடம் குழலை அளந்து பார்க்காமல் போடவே போடாதீர்கள்.

இவ்வளவு பதற்றம் ஏன் என்றால், தவறான குண்டுக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் சுட்டவர் அல்ல. இரத்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு முதலில் புதருக்குள் நுழைகிறவர் உள்ளூர்த் தடம் பார்ப்பவர். பல நேரம் அவர் கையில் துப்பாக்கி இருப்பதில்லை, ஒரு கோல்தான் இருக்கும். அவருக்குப் பின்னால் உங்களை அழைத்துப் போகும் தொழில்முறை வேட்டைக்காரர்; அங்கே பி.எச். என்பார்கள். அதற்கும் அப்பால், விறகுக்கோ தண்ணீருக்கோ அந்த வழியே வரும் யாரோ. குமாவூன் மலைகளில் 1907-ல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்று கணக்கு. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்று கார்பெட் எழுதினார். அந்த முதல் குண்டைச் சுட்டது யாரென்று யாருக்கும் தெரியாது.

ஆகவே இன்றே உங்கள் பி.எச்.சைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். எந்த விலங்கு, எவ்வகைக் காடு, எவ்வளவு தூரம் என்று அவர் சொல்வார். உங்கள் தோட்டா அட்டையில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் வாதாடாமல் மாற்றுங்கள். விமானத்தில் ஒருவர் பொதுவாக 5 கிலோ தோட்டா வரைக்கும்தான் கொண்டுபோக முடியும்; .375-ல் அது ஏறக்குறைய 100 தோட்டா. இலக்கில் சரிபார்க்கவும் வேட்டைக்கும் அது தாராளம்.