ஓட்டல் மிச்சமும் பன்றிக் காய்ச்சலும்

குற்றாலத்தில் சீசன் வந்தால் ஓட்டல் மிச்சம் வாளி வாளியாகச் சுந்தரபாண்டியபுரத்துக்கு வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெண்பன்றி வளர்க்கிறார். "காசில்லாத தீவனம் அண்ணாச்சி" என்பார். அதில் பன்றிக்கறித் துண்டு கிடந்தால்தான் வினையே.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாம் பக்கம் நுழைந்தது. 2022-இல் வயநாட்டுப் பண்ணைகளுக்கும், 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளுக்கும் வந்துவிட்டது. நாமும் மலையடிவாரத்தில்தானே இருக்கோம்.

கடும் காய்ச்சல் அடிக்கும், தீவனம் எடுக்காது, காதும் வயிறும் சிவந்து நீலம் பாயும், சில நாளில் சாவு. பழைய பன்றிக் காய்ச்சலுக்கான தடுப்பூசி இதற்குக் கேட்காது. நம்ம மூலிகைக் கசாயமும் கேட்காது, உள்ளதைச் சொல்லணும். மனுசருக்கு இது தொற்றாது. ஆனால் உறைந்த கறியில்கூட கிருமி மாதக்கணக்கில் இருக்கும். நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் எல்லாப் பன்றியையும் அழிப்பார்கள். பக்கத்துக்காரரின் பன்றியும் போகும்.

அதனால் ஓட்டல் மிச்சத்தை விட்டுடுங்க. முடியாதென்றால் கிண்டிக்கிட்டே அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் போடுங்க. காட்டுப்பன்றி ஒட்டாதபடி வேலி கட்டுங்க. வியாபாரியைக் கொட்டகைக்குள் விடாதீங்க. பன்றி செத்தால் ஓடையில் வீசாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்க. அவர் பார்த்தபின் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைங்க.