பொது இடம் யாருக்குச் சொந்தம்?

அஸருக்குப் பின்னுள்ள ஒரு மாலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். நகரத்தின் நெரிசலான ஒழுங்கை ஒன்று. நடுவீதியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகின்றனர். சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் ஆண்கள் சிலர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கின்றனர். தாய்மார் வாசற்படியோடு நின்றுவிடுகின்றனர். ஏழு வயதுச் சிறுமியொருத்தி தம்பியின் கையைப் பிடித்து ஓடித் திரிகிறாள். அவளுடைய பன்னிரண்டு வயது ராத்தாவை மட்டும் வெளியில் காணோம். அவள் யன்னலோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இது எமது பழக்கவழக்கத்தால் வந்தது என்றே பலரும் கருதுவர். அது ஓரளவுக்குத்தான் உண்மை. பெண் பிள்ளைகள் வெளியே வருவதற்கு எந்தத் தடையுமில்லாத ஐரோப்பிய நகரமொன்றிலும் இதே காட்சிதான் காணப்பட்டது.

வியன்னாவின் பூங்காக்கள்

ஒஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. 1991ஆம் ஆண்டு அங்கே ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. ஏவா கைல் என்ற நகரத் திட்டமிடலாளரும் அவருடைய தோழியரும் அதனை ஒழுங்கு செய்திருந்தனர். எட்டுப் பெண்களின் அன்றாட வாழ்க்கையை அப்படங்கள் காட்டின. பொது இடம் யாருக்குச் சொந்தம் என்பதே கண்காட்சி எழுப்பிய கேள்வி. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வீதியைக் கடப்பவளையும், சாமான் பையுடன் படியேறுபவளையும் நினையாமலே நகரம் கட்டப்பட்டிருப்பதைப் பலரும் அப்போதுதான் உணர்ந்தனர்.

சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்நகரின் பூங்காக்களைக் கவனித்தனர். ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகளின் வருகை வெகுவாகக் குறைந்து போவதைக் கண்டனர். ஆண் பிள்ளைகளின் வருகையோ குறையவில்லை. காரணம் எளிமையானது. பூங்கா என்பது பெரும்பாலும் ஒரே திறந்த வெளியாக இருந்தது. அதனைப் பந்தாடும் பையன்கள் பிடித்துக்கொண்டனர். இடத்துக்காகப் போட்டியிடுவதைவிட விலகிப் போவதே மேல் எனப் பெண் பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டனர்.

1999ஆம் ஆண்டில் இரண்டு பூங்காக்கள் மாற்றியமைக்கப்பட்டன. உள்ளே எளிதாகச் செல்ல நடைபாதைகள் போடப்பட்டன. கரப்பந்து, பூப்பந்து ஆடவும் இடம் விடப்பட்டது. பெரிய வெளியைச் செடிகொடிகளால் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்தனர். அவ்வளவுதான். பையன்களை யாரும் விரட்டவில்லை. ஆயினும் பெண் பிள்ளைகள் திரும்பி வந்தனர்.

நதியை மீட்ட ஊர்

'அது பணமுள்ள நாடு. எம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் ஆகுமா?' என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான பதில் பங்களாதேஷில் இருக்கிறது.

அந்நாட்டின் ஜெனைதா நகரில் சுமார் இரண்டரை இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். நபகங்கா என்ற நதி அதனூடே ஓடுகிறது. நதி அருகிலிருந்தும் மக்களுக்கு அது கிட்டாப் பொருளாகவே இருந்தது. கரையில் குப்பை கொட்டப்பட்டது. தண்ணீர் கெட்டது. இறங்கிச் செல்லவும் நல்ல வழியில்லை. ஊரே தன் நதிக்கு முதுகைக் காட்டி நின்றது என்று சொல்லலாம்.

கொந்தகர் ஹஸீபுல் கபீர், சுஹைலி பர்ஸானா என்ற கட்டடக்கலைஞர் தம்பதியினர் அந்த ஊரிலேயே தங்கி மக்களோடு வேலை செய்தனர். கபீருக்கு இது புதிதல்ல. முன்னர் டாக்காவின் கொரைல் என்ற பெரிய குடிசைப் பகுதியில் ஒரு குடும்பத்தாருடன் தங்கியிருந்து, அங்குள்ள பிள்ளைகள் கூடுவதற்காக நீரோரத்தில் மூங்கில் மேடையொன்றை அமைத்தவர் அவர்.

ஜெனைதாவில் அவர்கள் வரைபடத்தோடு வந்து நிற்கவில்லை. முதலில் மக்களிடம் கேட்டனர். வசதி குறைந்தோரும் பெண்களும் அந்த ஆலோசனையில் பெருமளவில் பங்குகொண்டனர். பின்னரே வேலை தொடங்கியது. குப்பைமேடு துப்புரவாக்கப்பட்டது. நீருக்கு இறங்கப் படித்துறைகளும், நடைபாதைகளும், தோட்டங்களும், கலை நிகழ்ச்சிகளுக்கான இடங்களும் உருவாயின. பொருட்கள் உள்ளூரில் கிடைத்தவை. கட்டியவர்களும் உள்ளூர்த் தொழிலாளரே. ஆடம்பரம் ஏதுமில்லை.

முஸ்லிம் சமூகங்கள் வாழும் இடங்களில் அமைந்த சிறந்த கட்டடப் பணிகளுக்கென வழங்கப்படுவது ஆகா கான் கட்டடக்கலை விருது. 2022ஆம் ஆண்டில் அதன் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆறு பணிகளில் ஜெனைதாவின் நதிக்கரையும் ஒன்று. உலகப் பெருநகரங்களின் பெரும் கட்டடங்களை மெச்சும் காலத்தில், சிறு ஊரொன்றின் படிக்கட்டுகளுக்குக் கிடைத்த மதிப்பு இது.

கேட்பதே முதற் கல்

இவ்விரு ஊர்களுக்கும் பொதுவானது என்ன? இரண்டிலும் எவருடைய கண்ணுக்கும் படாதிருந்தவர்களை முதலில் கவனித்தார்கள். அதிகாரி ஒருவர் அலுவலகத்திலிருந்து வரையும் பூங்காவில் சிலையும் நீரூற்றும் இருக்கும். கைக்குழந்தையுடன் வருபவள் அமர நிழல் இருக்காது. இருட்டிய பின் நடந்துவர வெளிச்சம் இருக்காது. பிள்ளை விளையாடும் இடம் தாய் அமரும் இடத்திலிருந்து தெரியாது. மலசலகூடம் இருந்தாலும் பூட்டியிருக்கும். இக்குறைகளைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. அன்றாடம் அவற்றை அனுபவிப்பவளிடம் கேட்டாலே போதும்.

இன்னொரு நன்மையுமுண்டு. பிறர் கட்டித் தந்த ஊஞ்சல் உடைந்தால், 'நகரசபை வந்து பார்க்கட்டும்' என்போம். நாமே கூடிப் பேசி இடம் தேர்ந்து வைத்த மரம் வாடினால் ஒரு வாளித் தண்ணீர் தானாகவே போகும். பராமரிப்புக்கு இதைவிட உறுதியான ஏற்பாடு இல்லை.

இதற்கு நீங்கள் கட்டடக்கலைஞராக இருக்க வேண்டியதில்லை. அயல்வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் ஒரு மாலை சேர்ந்து உங்கள் ஒழுங்கையை ஒரு முறை சுற்றி வாருங்கள். எங்கே குப்பை சேர்கிறது, எந்த மூலை இருட்டாயிருக்கிறது, பாடசாலை செல்லும் பிள்ளைகள் எங்கே பயந்து வீதியைக் கடக்கின்றனர், வயதான பெண்ணொருத்தி கால் வலித்தால் எங்கே உட்காருவாள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெறுமையாகக் கிடக்கும் துண்டு நிலங்களையும் குறியுங்கள். வளர்ந்த பெண் பிள்ளைகளையும் கூட்டிச் சென்று அவர்களுடைய வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பழைய கலண்டர்த் தாளின் பின்புறம் போதும், அதில் எல்லாவற்றையும் வரைந்துவிடலாம். அதனை எடுத்துக்கொண்டு சபை உறுப்பினரிடம் செல்லும்போது, வெறும் முறைப்பாடாக அன்றி ஒரு திட்டமாகவே அது இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். ஒரு விளக்கு, ஒரு வாங்கு, ஒரு நிழல்மரம் எனத் தொடங்கினாலே போதும்.

யன்னலோரத்தில் நிற்கும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், 'உனக்கு வெளியில் என்ன வேண்டும்?' என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. இன்று மாலை நீங்கள் கேட்டுப் பாருங்கள். பதில் அவளிடம் ஆயத்தமாகவே இருக்கும்.