முற்றுப்பெறாத கோபுரம்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, விலங்கியல் துறை)

திருவரங்கத்தின் தெற்கு வாசலில் விண்ணளாவி நிற்கும் இராஜகோபுரத்தைக் காணாத மாணவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. ஆனால், நம் தாத்தாக்கள் தம் இளமையில் அதை இந்தக் கோலத்தில் கண்டதில்லை. விஜயநகர வேந்தர் காலத்தில் தொடங்கப்பட்ட பணி அடித்தளத்தோடு நின்றுபோக, பல நூற்றாண்டுகள் அது 'மொட்டைக் கோபுரம்' என்றே வழங்கிற்று. 1979-இல் பணி மீண்டும் தொடங்கியது. பலரும் பொருள் தந்து தோள்கொடுத்த பின்னரே 13 நிலைகளும் எழுந்து, 236 அடி உயரத்தில் 1987-இல் அது முற்றுப்பெற்றது.

நான் எழுத வந்தது கோயிற்பணி பற்றியன்று. மருத்துவ உலகில் இன்னும் மொட்டையாகவே நிற்கும் ஒரு கோபுரத்தைப் பற்றி. அதுவே தண்டுவடக் காயத்திற்கான மருந்தாராய்ச்சி.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்பீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பா மகன், மேலூர்ப் பக்கத்துத் தோப்பில் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். பதறிப்போன நாங்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். முதுகு முறிந்தவரை அப்படித் தூக்கவே கூடாது, பலகையில் அசையாமல் கிடத்தி, 108 ஊர்தியை அழைத்து அதில்தான் கொண்டுபோக வேண்டும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அன்று முதல் அண்ணனுக்கு மார்புக்குக் கீழே உணர்வில்லை.

தண்டுவடம் என்பது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ள நரம்புக் கற்றை. மூளையின் கட்டளை உடலுக்கும், உடலின் உணர்வு மூளைக்கும் இதன் வழியேதான் செல்கின்றன. கை, கால்களில் அறுபட்ட நரம்பு ஓரளவு மீண்டும் வளரும். தண்டுவடத்து நரம்போ வளர்வதில்லை. காயத்தில் உண்டாகும் தழும்பும், நரம்புறையில் உள்ள சில புரதங்களும் வளர்ச்சியைத் தடுத்துவிடுகின்றன. மேலும், அடிபட்ட கணத்தோடு கேடு முடிவதில்லை. அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் வீக்கமும் இரத்தக் குறைவும் அருகிலுள்ள நல்ல உயிரணுக்களையும் அழிக்கின்றன. இந்தப் பின்சேதத்தைத் தடுப்பது, நரம்பை வளரச் செய்வது, மின்தூண்டலால் எஞ்சிய நரம்பை எழுப்புவது என மூன்று வழிகளில் ஆராய்ச்சி நடக்கிறது. அறுந்ததை முழுதும் இணைக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை.

இப்படிப்பட்ட நிலையில் ஆசை காட்டுவோர் வருவது இயல்புதானே? விபத்து நடந்த மறு ஆண்டு ஒருவர் வீடு தேடி வந்தார். வெளியூரில் ஓரிடத்தில் 'ஸ்டெம் செல்' ஊசி போடுவதாகவும், அது புதிய ஆராய்ச்சி முறை என்றும், சில லட்சங்கள் ஆகும் என்றும் சொன்னார். பெரியப்பா அன்றே முடிவு செய்துவிட்டார். "வாழைக்கொல்லை போனாப் போகட்டும்டா, புள்ள நடந்தாப் போதும்" என்றார்.

நான் எங்கள் துறைப் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார். இந்தச் சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் உள்ளதா? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா? ஆராய்ச்சி என்றால் நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்? அந்த மனிதரிடம் இவற்றைக் கேட்டேன். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று போனவர், பிறகு வரவேயில்லை.

அந்தக் கேள்விகளின் பொருளை எல்லோரும் அறிய வேண்டும். 2007-இல் தொடங்கிய பதிவேட்டில், 2009 முதல் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். தண்டுவடக் காயம் போன்ற நோய்களுக்கு ஸ்டெம் செல்லை, ஒப்புதல் பெற்ற சோதனைக்கு வெளியே, சிகிச்சையாகத் தரக் கூடாதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆராய்ச்சிக்கான செலவை நோயாளியிடம் வாங்கலாகாது. சோதனையால் தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளில் உள்ளது.

நோயாளி தரக் கூடாதென்றால், பின் யார் தருவது? இங்கேதான் கோபுரம் மொட்டையாக நிற்கிறது.

ஒரு சோதனை பல கட்டங்களைக் கடக்க வேண்டும். முதலில் சிலரிடம் மருந்து தீங்கற்றதா என்று பார்ப்பார்கள். அடுத்து இன்னும் சிலரிடம் பயன் உண்டா என்று பார்ப்பார்கள். இறுதியாகப் பலரிடம், மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். காயம்பட்டவர்களில் சிலர் மருந்தின்றியும் ஓரளவு தேறுவதுண்டு. ஆகவே ஒப்பீடு இல்லையேல் உண்மை தெரியாது. ஒவ்வொருவரையும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்க வேண்டும். செலவோ மிகுதி, நோயாளிகளின் எண்ணிக்கையோ நீரிழிவு போன்றவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எனவே மருந்து நிறுவனங்கள் தயங்குகின்றன.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். கருமூல ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய அணுக்களை, புதிதாகத் தண்டுவடக் காயமுற்றவருக்குச் செலுத்தும் சோதனையை ஜெரான் என்ற நிறுவனம் 2010 அக்டோபரில் தொடங்கியது. உலகமே வியந்து நோக்கிய அந்தச் சோதனையை 2011 நவம்பரில் அந்நிறுவனமே நிறுத்திக்கொண்டது. மருந்து தோற்றதாலன்று, பணத்தை வேறு ஆய்வுக்குச் செலவிடத் தீர்மானித்ததால். கூட்டாளியைத் தேடினார்கள். பின்னர் ஆஸ்டீரியஸ் என்ற வேறொரு நிறுவனம் அதை ஏற்றது. கலிபோர்னியா மாநிலத்தின் ஸ்டெம் செல் ஆராய்ச்சி அமைப்பு, அதாவது மக்கள் பணம், 2014-இல் ஏறத்தாழ 1 கோடியே 43 லட்சம் டாலர் கொடுத்தது. சோதனை மீண்டும் நடந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளை நோயாளிகளுக்கு யார் திருப்பித் தருவார்?

பணம் மட்டும் போதாது, கூட்டாளிகளும் வேண்டும். ஒரே மருத்துவமனையில் போதிய நோயாளிகள் கிடைப்பதரிது. இதை உணர்ந்துதான் அமெரிக்கப் பேராசிரியர் வைஸ் யங், 2005-இல் சீன மருத்துவமனைகள் பலவற்றை ஒரே வலையமைப்பாக இணைத்தார்.

தமிழகத்தில் இதற்கு அடித்தளம் இல்லாமலில்லை. 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழ அவரே காரணர். கடற்படைத் தேர்வில் தண்டுவடம் முறிந்த இராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். மறுவாழ்வு இல்லாத இடத்தில் சோதனை நடக்காது. படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகக் கேட்டாலும் உயிர் போகுமானால், யாரை வைத்து மருந்தின் பயனை அளப்பது?

திருச்சியில் என்ன செய்யலாம்? அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பொறியியல் நிறுவனங்கள் இருக்கின்றன, கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. காயமுற்றோரின் விவரங்களை, அவர்கள் இசைவோடு, ஒரு பதிவேட்டில் தொகுக்கலாம். புள்ளியியல் மாணவர் அதற்கு உதவலாம். ஒப்புதல் படிவத்தை ஊரார்க்கு விளங்கும் தமிழில் எழுத நாம் துணை நிற்கலாம். அத்தகைய பதிவேடு கையில் இருந்தால், நிதி கேட்டுச் செல்பவரின் சொல்லுக்கு வலு இருக்கும்.

அண்ணன் இன்று வீட்டு முன்பகுதியில் கைபேசி பழுது பார்க்கிறார். இரண்டு மணிக்கு ஒருமுறை புரண்டு படுக்க இரவில் அலாரம் வைத்திருக்கிறார். "இவ்வளவு சிரமம் எதற்கண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மருந்து வர்றப்போ வாங்கிக்க உடம்பு இருக்கணும்ல?" என்றார்.

அவர் தம் பங்கைச் செய்துகொண்டிருக்கிறார். மாணவத் தோழர்களே, நம் பங்கு என்ன?