கஞ்சாவும் வளரும் மூளையும்

கஞ்சாச் செடியின் மயக்கும் சத்தாகிய டி.எச்.சி.யை இஸ்ரேலிய ரசாயன அறிஞர்களான ரபேல் மெச்சூலமும் யெஹியேல் காவோனியும் 1964ஆம் ஆண்டில் தூய நிலையில் பிரித்தெடுத்து அதன் அமைப்பை நிர்ணயித்த பின்னரும், அது மூளையில் எதைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 1988இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட் குழுவினர் நரம்பணுக்களில் அதற்கென ஓர் ஏற்பி உண்டென்று காட்டினர். 1992இல் ஆனந்தமைடு கண்டுபிடிக்கப்பட்டபோது, அவ்வேற்பிக்குரிய பொருளை மூளை தானே உற்பத்தி செய்துகொள்கிறது என்பதும் தெளிவாயிற்று.

ஒரு நரம்பணுவிடமிருந்து வரும் செய்தி அளவுக்கு மிஞ்சும்போது, பெறுகின்ற அணு தன் சவ்விலுள்ள கொழுப்பிலிருந்து அந்தக் கணமே இத்தகைய பொருளை ஆக்கி எதிர்த்திசையில் அனுப்ப, அது அனுப்புகின்ற அணுவின் முனையைப் பற்றி, போதும் என்று அடக்கிவிட்டு, நொதிகளால் சிதைந்து மறைந்துவிடுகிறது. இவ்வளவு நுட்பமான கட்டுப்பாட்டுக்குள், இடமும் காலமும் அறியாத டி.எச்.சி., மழைக்கால வெள்ளம் வாய்க்கால் வரப்புகளை மூழ்கடிப்பதுபோலப் புகுந்து நெடுநேரம் தங்கிவிடுகிறது.

முதிர்ந்த மூளை அதிலிருந்து பெரும்பாலும் மீண்டுவிடும். வளரும் மூளையின் நிலை வேறு. கர்ப்பத்திலுள்ள சிசுவின் நரம்பிழைகள் தாம் சென்று சேரவேண்டிய இடத்தை நாடி நீளும்போது அவற்றுக்கு வழிகாட்டுவனவற்றுள் இதே ஏற்பியும் ஒன்று. தாய் உட்கொள்ளும் டி.எச்.சி.யோ நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லவல்லது. பகுத்தறிவுக்கும் நிதானத்துக்கும் ஆதாரமான முன்மூளை, வேண்டாத இணைப்புகளைக் களைந்து தன்னைச் செம்மை செய்துகொள்ளும் பணி இருபது வயதைத் தாண்டியும் நீடிப்பதால், பள்ளிப் பருவத்துப் பழக்கத்தை விளையாட்டென்று விட்டுவிடுதல் தகாது.

சுவீடனில் ராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட 45,000க்கு மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களிடையே மனச்சிதைவு வியாதி ஆறு மடங்கு காணப்பட்டதென்று கூறியது. நோய்க்கு உரிய பிறவிச் சார்பு உள்ளவர்களே கஞ்சாவையும் நாடுகிறார்களோ என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் குடும்பச் சூழல் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அத்தொடர்பு முற்றிலும் மறையவில்லை.

அதே செடியிலுள்ள கேனபிடயால் மயக்கம் தருவதில்லை. மேற்சொன்ன ஏற்பியையும் அது வலுவாகப் பற்றுவதில்லை. டிராவே என்னும் கொடிய வலிப்பு நோயால் அவதியுறும் குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் நடத்தி 2017இல் வெளியிட்ட பரிசோதனையில், மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை இம்மருந்தால் 5.9 ஆகக் குறைய, வெற்று மருந்து பெற்றவர்களிடம் 14.9 என்பது 14.1 ஆக மட்டுமே இறங்கிற்று. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு இதை அங்கீகரித்தது. எனினும் அந்தக் குழந்தைகளுக்கு இது, தூய்மை செய்யப்பட்டு, எடைக்கேற்ப அளந்து, மற்ற வலிப்பு மருந்துகளோடு சேர்த்து, ஈரலின் நிலையை ரத்தப் பரிசோதனையால் அவ்வப்போது அறிந்துகொண்டே கொடுக்கப்படுகிறது.