சோள இலையில் ஓட்டைகள் வரிசையாக விழுவது ஏன்?

வீட்டுத் தோட்டத்து ஸ்வீட் கார்ன் இலையைப் பாருங்கள். குறுக்கே ஒரே வரிசையில் ஓட்டைகள். புழு அளவெடுத்தா கடித்தது?

இல்லை. மடித்த காகிதத்தைக் கத்தரியால் ஒருமுறை வெட்டி விரித்தால் பல ஓட்டைகள் தெரியும் அல்லவா? அதேதான். குருத்துக்குள் சுருண்டிருக்கும் இலையைப் புழு ஒருமுறை துளைக்கிறது. இலை விரிந்ததும் வரிசை தெரிகிறது.

2018-இல் இந்தியாவில் தலைகாட்டிய அமெரிக்கப் படைப்புழு இது. வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதன் ஈர எச்சமே குருத்தை அடைத்துக்கொள்வதால் தெளிக்கும் மருந்து உள்ளே சரியாக இறங்காது. அதனால்தான் மணல். ஒன்பது பங்கு மணலில் ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து, விதைத்த 30 நாட்களுக்குள் குருத்தில் கொஞ்சம் இடுங்கள். புழுவின் மென்தோலை மணல் சிராய்த்துவிடும்.

இலையில் முட்டைக் குவியல் கண்டால் அப்போதே நசுக்குங்கள். அதைவிட எளிய வழி இல்லை.