மழையன்று, தேங்கும் நீரே மரத்தின் பகை

வீடு கட்டுபவர்கள் கூரை விளிம்பில் அறையப்படும் பலகையைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. அத்திவாரம், சீமெந்து, கம்பி, ஓடு என்று கணக்குகள் எல்லாம் முடிந்து, கையிலிருந்த பணமும் ஏறத்தாழ முடிந்துவிட்ட கட்டத்திலேயே அப்பலகை வாங்கப்படுகின்றது. மரக்காலையில் மலிவாகக் கிடைப்பது எதுவோ அதுவே ஏற்றி வரப்படுகின்றது. இரண்டு மாரிகள் கடந்ததும் பூச்சு கொப்புளித்து உரிகின்றது. நான்காவது மாரியில் பலகையின் முனை விரலால் அழுத்தினாலே உள்ளே போகும் அளவுக்கு உக்கிவிடுகின்றது.

கூரை விளிம்புப் பலகை வெறும் அலங்காரம் என்ற எண்ணமே இந்த அசட்டைக்குக் காரணம். உண்மையில் அது கைமரங்களின் வெட்டு முனைகளை மழையிலிருந்து மறைத்து நிற்கும் காவலாகும். பீலியைத் தாங்குவதும் பெரும்பாலும் அதுவே. அப்பலகை உக்கினால் அடுத்ததாகக் கைமர முனைகள் உக்கும்; அதன்பின் ஓடுகள் தாழும்; சுவருக்குள் நீர் இறங்கும். சில ஆயிரம் ரூபாவில் தடுத்திருக்கக்கூடிய சேதம் முழுக் கூரையையும் கழற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டு செல்லும்.

எமது பிரதேசங்களில் இது சிறிய விடயமன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009இல் யுத்தம் முடிவுக்கு வந்த பின்னரும் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் புதிதாக எழுந்தன. இந்திய அரசின் நிதியுதவியுடன் இவ்விரு மாகாணங்களிலும் முன்னெடுக்கப்பட்ட 46,000 வீடுகளுக்கான திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. பயனாளிகளே பொருட்களை வாங்கி, மேசன்மாரையும் தச்சர்களையும் அமர்த்திக் கட்டுவதே அதன் பிரதான நடைமுறையாக இருந்தது. பல தடவைகள் இடம்பெயர்ந்து மீண்ட தமிழ்க் குடும்பங்களுக்கும், 1990இல் வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டுகளின் பின் சொந்த மண்ணுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களுக்கும் அக்கூரையை இரண்டாம் முறை போடும் வசதி இல்லை. ஆகவே மரத்தைத் தெரிவு செய்வதும் காப்பதும் எவ்வாறு என்பதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை நீக்கிக்கொள்ள வேண்டும். மழையில் நனைவதால் மட்டும் மரம் உக்குவதில்லை. மரத்தைத் தின்று உக்கச் செய்வது பூஞ்சணம். மரத்திலுள்ள ஈரம் அதன் உலர் நிறையில் நூற்றுக்கு 20 வீதத்துக்குக் குறைவாக இருக்கும்வரை அப்பூஞ்சணம் அதில் வளர்வதில்லை. நனைந்த பலகை ஓரிரு நாட்களில் உலர்ந்துவிடுமாயின் அதற்கு ஆபத்து மிகக் குறைவு. நனைந்த நீர் வெளியேற வழியின்றி மூட்டுகளிலும், சுவரை ஒட்டிய பக்கத்திலும், பூச்சின் அடியிலும் தங்கிவிடும்போதே அழிவு தொடங்குகின்றது. கண்டிக்கு அருகிலுள்ள எம்பக்க தேவாலயத்தின் சித்திர வேலைப்பாடு கொண்ட மரத்தூண்கள் கம்பளை இராசதானிக் காலத்தவை எனக் கருதப்படுபவை. நாற்புறமும் திறந்த மண்டபத்தில் அவை இத்தனை நூற்றாண்டுகள் நிற்பதற்கு மரத்தின் தரத்தோடு, மேலே கவிந்த கூரையும் தடையின்றி வீசும் காற்றும் காரணங்களாகும்.

அடுத்தது மரத்தெரிவு. "எந்த மரம் நல்லது?" என்று கேட்பதே எமது வழக்கம். அதைவிட முக்கியமான கேள்வி, "மரத்தின் எந்தப் பாகம்?" என்பதாகும். மரத்தின் நடுப்பகுதியில் அமைந்த வைரம் பூச்சிகளையும் பூஞ்சணத்தையும் எதிர்க்கும் இயற்கைப் பொருட்களைத் தன்னுள் கொண்டது. அதனைச் சூழ்ந்துள்ள வெளிறு அவ்வாறான பாதுகாப்பு எதுவும் அற்றது. தேக்கேயானாலும் அதன் வெளிறு கறையானுக்கு உணவுதான். இளமையிலேயே வெட்டப்பட்ட தோட்டத் தேக்கில் வெளிறின் பங்கு அதிகம். தேக்கின் வைரம் பொன் கலந்த கபில நிறமுடையது. வெளிறு மங்கலான வெண்மை. பலாவின் வைரம் மஞ்சளாக இருந்து நாளடைவில் கபிலமாகும். வேம்பின் வைரம் செந்நிறம் சார்ந்தது. மரக்காலையில் பலகையின் இரு ஓரங்களையும் திருப்பிப் பார்த்து, வெளிறிய கீற்று ஓடுகின்றதா என்று கவனிப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

பனையின் கதை இதற்கு நேர்மாறானது. அதன் வைரம் வெளிப்புறத்தில் உள்ளது. நடுப்பகுதி மென்மையான சோறு. இவ்வேறுபாட்டை எமது முன்னோர் நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியம் உள்ளே வைரமுடையவற்றை அகக்காழ் என்றும், புறத்தே வைரமுடையவற்றைப் புறக்காழ் என்றும் பிரித்து, முன்னதை மரம் என்றும் பின்னதைப் புல் என்றும் வகுத்துள்ளது. பனங்கைமரத்திலும் சிலாகையிலும் நடுச்சோறு ஒட்டியிருந்தால் அதைச் செதுக்கி நீக்கிவிடும்படி தச்சரிடம் வற்புறுத்த வேண்டும். அச்சோறு நீரை உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும்.

முதிரை, பாலை போன்ற வன்மரங்கள் வெளிப்புறத்துக்கு மிகவும் உகந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் இயற்கைக் காடுகளில் வர்த்தக நோக்கில் மரம் வெட்டுதல் 1990ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நிறுத்தப்பட்டுள்ளது. மலிவு விலையில், இரவோடிரவாக வந்திறங்கும் முதிரை பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றது என்பதை விளக்கத் தேவையில்லை. வீட்டு வளவில் நிற்கும் மரத்துக்கும் சட்டம் உண்டு. பலாவையும் பெண்பனையையும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றித் தறிக்க முடியாது. வெட்டுவதற்கு முன் பிரதேச செயலகத்தில் விசாரிப்பதும், வாங்கும் மரத்துக்கு உரிய பற்றுச்சீட்டைப் பெற்று வைத்திருப்பதும் பின்னர் வரக்கூடிய வழக்குகளைத் தவிர்க்கும். சாதாரண குடும்பமொன்றுக்கு வைரமுள்ள தேக்கு, பலா, வேம்பு ஆகியவை போதுமானவை. இறப்பர், அல்பீசியா, பைனஸ் என்பன மருந்தேற்றப்படாத நிலையில் வெளிப்புறத்துக்கு ஆகாதவை.

எந்த மரமாயினும் பச்சையாக அறையக்கூடாது. ஓர் அங்குலப் பலகையைக்கூட நிழலில், இடையிடையே சட்டங்கள் வைத்துக் காற்றோட்டத்துடன் அடுக்கி, சில மாதங்களாவது உலரவிட வேண்டும். பச்சைப் பலகை கூரையில் ஏறிய பின்னர் சுருங்கி வெடிக்கும். அவ்வெடிப்புகளே பின்னர் நீர் நுழையும் வாசல்கள் ஆகும்.

பாதுகாப்பில் முதலிடம் வெட்டு முனைகளுக்கே உரியது. மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிய நுண்குழாய்கள் அங்கே திறந்து கிடக்கின்றன. பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக முனை நீரை உறிஞ்சும். ஆனால் எமது வழக்கத்தில், பலகையை அறைந்த பின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு மட்டுமே பூச்சு பூசப்படுகின்றது. பலகை நிலத்தில் இருக்கும்போதே நான்கு பக்கங்களுக்கும் அடிப்பூச்சு பூசி, முனைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை ஊறவிட்டுப் பூச வேண்டும். மேலே ஏற்றிய பின் வாளால் அறுக்க நேர்ந்தால் அப்புது முனைக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். ஓட்டின் விளிம்பு பலகைக்கு அப்பால் நீண்டு, நீரைப் பீலிக்குள் விடவேண்டும். இரு பலகைகள் சேருமிடத்தில் சாய்வாக வெட்டிப் பொருத்தினால் நீர் நேரே உள்ளே இறங்காது.

தெளிவான வார்னிஷ் பூசி மரத்தின் அழகைக் காட்ட விரும்புவோர் பலர். வெயில் நேரே படும் இடத்துக்கு அது பொருந்தாது. சூரியனின் புறஊதாக் கதிர்கள் அதனூடே புகுந்து அடியிலுள்ள மரத்தின் மேற்பரப்பைச் சிதைக்க, வார்னிஷ் தோலாக உரிந்துவிடும். நிறமுள்ள வெளிப்புறப் பூச்சு அக்கதிர்களைத் தடுக்கும். கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்று சாதாரண ஆணியை அரித்துவிடுமாதலால், நாகப்பூச்சிட்ட ஆணிகளையே பாவிக்க வேண்டும்.

கறையானுக்குப் பயந்து வாகனங்களின் கழிவு எண்ணெயைப் பூசும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அதில் நச்சு உலோகங்கள் கலந்துள்ளதோடு, அதன்மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. போரக்ஸ் வகை மருந்துகள் மனிதருக்குத் தீங்கு குறைந்தவை. ஆயின் மழையில் கழுவப்பட்டுவிடும் என்பதால் மேலே நல்ல பூச்சு அவசியம். செம்பு, குரோமியம், ஆசனிக் கலந்த மருந்து ஏற்றப்பட்ட மரத்தை வீட்டுப் பாவனைக்கென உற்பத்தி செய்வது அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியுடன் கைவிடப்பட்டது. அவ்வகை மரத்தின் கழிவுத் துண்டுகளை ஒருபோதும் அடுப்பில் எரிக்கக்கூடாது.

இவை அனைத்தையும் செய்த பின்னரும் ஆண்டுக்கொருமுறை பார்வையிடுதல் தேவை. வடக்கு கிழக்கில் வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், புரட்டாதியில் ஒரு நாள் ஏணி வைத்து ஏறி, பீலியிலுள்ள சருகுகளை அகற்றி, பலகையின் மூட்டுகளைத் திருப்புளி முனையால் குத்திப் பார்த்தால் போதும். மென்மையாகிய இடத்தை அந்த ஆண்டிலேயே வெட்டி மாற்றிவிடலாம். சுவரில் ஏறும் கறையான் மண்கோடுகளும் அப்போதே கண்ணில் படும்.

இன்று அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் மரத்தின் இடத்தைப் பிடித்து வருகின்றன. வசதியுள்ளோர் அவற்றை நாடுவதில் தவறில்லை. ஆனால் மரம் கூடாத பொருள் என்ற முடிவுக்கு வருவதற்கு முன், அதனை நாம் முறையாகப் பாவித்தோமா என்று சிந்திப்பது நன்று. ஐந்தாண்டுகளில் உக்கும் பலகை ஐந்தாண்டுக்கொரு மரத்தைக் கேட்கும். ஐம்பதாண்டுகள் நிற்கும் பலகை, அத்தனை மரங்களையும் நிலத்திலேயே நிற்கவிடும். போரில் பனைகளையும் காடுகளையும் பெருமளவில் இழந்த ஒரு மண்ணில், வீட்டுக்காரரின் சிக்கனமும் காட்டின் பாதுகாப்பும் ஒன்றாகவே அமைகின்றன.